தலைகீழாகத் தொங்கிய மாண்ட்ரியான்: 77 வருஷம் யாருக்கும் தெரியாதது எப்படி?

திண்ணைத்தூண்:
பீட் மாண்ட்ரியான் என்ற டச்சு ஓவியரின் 'நியூயார்க் சிட்டி 1' படம் 1980 முதல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. முதன்முதலாக அதைக் காட்டியது 1945-இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். இரண்டு இடத்திலும் தலைகீழாகவே தொங்கவிட்டிருக்கிறார்கள்! 2022 அக்டோபரில் டுசல்டார்ஃப் காப்பாளர் சூசன்னே மேயர்-பியூசரே இதை வெளியில் சொன்னார். 1944-இல் ஓவியர் இறந்த கொஞ்ச நாளில் அவருடைய வேலைக்கூடத்தில் எடுத்த ஒரு போட்டோவில் அதே படம் மறுமாதிரி நிற்கிறது. ஆதாரம் அதுதான்.

கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாக நீட்டினால்கூட வாங்குகிறவர் அடுத்த நொடியே திருப்பிக்கொள்வார். இங்கே 77 வருஷம் விமர்சகர்களும் பேராசிரியர்களும் வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. மேலும் கீழும் தெரியாத ஒன்றை வரைந்தவரை மேதை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கித்தான்காரர்:
நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அது முடிந்த ஓவியமே இல்லை. வண்ணக் காகித நாடாக்களைக் கித்தான்மேல் (கேன்வாஸ்) ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நிலையிலேயே நின்றுவிட்ட வேலை. அதில் கையெழுத்தும் கிடையாது. முடிந்த படமாக இருந்தால் அவர் போடும் எழுத்தையும் வருஷத்தையும் வைத்தே மேல் எது என்று தெரிந்திருக்கும்.

பாரிஸ் பொம்பிதூ மையத்தின் கலைத் தொகுப்பில் 'நியூயார்க் சிட்டி' என்று இன்னொரு படம் இருக்கிறது, எண்ணெய் வண்ணத்தில் 1942-இல் முடித்தது. அதில் கோடுகள் மேல் விளிம்பில்தான் நெருங்கி நிற்கின்றன. டுசல்டார்ஃபில் தொங்குவதில் அந்த நெருக்கம் கீழே இருக்கிறது. நாடா ஒட்டியிருக்கும் விதத்தையும் பார்த்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வந்தால் விளிம்பை எட்டாத நுனிகள் கீழ்ப்பக்கம்தான் வர வேண்டும். இதில் அவை மேல்பக்கம் இருக்கின்றன. ஆக, அந்தக் கோடுகளுக்குள் ஒரு மேலும் கீழும் இருந்ததால்தான் தப்பைப் பிடிக்க முடிந்தது. எப்படித் தொங்கவிட்டாலும் ஒன்றுதான் என்றால் யாரும் கண்டுபிடித்திருக்கவே முடியாதே.

திண்ணைத்தூண்:
அப்படியானால் திருப்பி மாட்டிவிட வேண்டியதுதானே? ஏன் இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள்?

கித்தான்காரர்:
நாடா எண்பது வருஷப் பழசு, பசை காய்ந்துபோய் நூலில் தொங்குகிற நிலை. இத்தனை காலம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்த எடை திருப்பினால் எதிர்ப்பக்கம் இழுக்கும், பிய்ந்து விழுந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. போட்டோவும் முழுச் சாட்சி ஆகிவிடாது. ஓவியர் இறந்தபின் எடுத்தது, ஓவியத் தாங்கியில் யார் எடுத்து வைத்தார்களோ.

கணக்குப்பிள்ளை:
நான் கலை ரசிகன் இல்லை, தொகையை மட்டும் பார்க்கிறவன். 2022 நவம்பரில், அதாவது இந்தத் தலைகீழ்ச் செய்தி வந்த அடுத்த மாதம், இவருடைய 1930-ஆம் வருஷப் படம் ஒன்று நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் 51 மில்லியன் டாலருக்குப் போயிற்று. அதற்கு முன்னால், 1998-இல், கடைசிப் படமான 'விக்டரி பூகி வூகி'யை நெதர்லாந்து நாட்டுக்காக 80 மில்லியன் கில்டருக்கு வாங்கினார்கள். யூரோ வரப்போகிறது, கில்டருக்கு விடை கொடுக்கிறோம் என்று அந்த நாட்டு மத்திய வங்கி கொடுத்த பணம். பாராளுமன்றத்திலேயே சண்டை நடந்தது. முடிக்காத படம், ஒட்டுத் துணுக்குகள் வேறு, இதற்கா இவ்வளவு என்று.

அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது நிலைமை என்ன? 1920-களில் பாரிஸில் வாடகைக்கு வழியில்லாமல் பூப்படம் வரைந்து ஹாலந்துக்காரர்களுக்கு விற்றுச் சாப்பிட்டிருக்கிறார். நீர்வண்ணத்தில் ஒற்றைச் சாமந்தி, ஒற்றை லில்லி. கட்டம் வாங்க ஆளில்லை, பூவுக்குக் கிராக்கி.

லைடன்வாசி:
அந்தப் பூக்களைக் கேலி செய்யாதீர்கள் ஐயா, சிலது அபாரமாக இருக்கும். நான் நெதர்லாந்தில் வசிக்கிறேன். ஹேக் நகரத்தில் இருக்கும் குன்ஸ்ட்மியூசியத்தில் இவருடைய படங்கள் சுமார் 300 இருக்கின்றன, உலகத்திலேயே பெரிய தொகுப்பு. பெரும்பகுதி சாலமன் ஸ்லைப்பர் என்ற ஒரே சேகரிப்பாளர் வாங்கி வைத்து 1971-இல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. திண்ணைத்தூணின் கேள்விக்கு அங்கே பதில் சுலபம். கட்டங்களில் தொடங்காமல் ஆரம்பத்திலிருந்து நடந்து வர வேண்டும்.

1872-இல் ஆமர்ஸ்ஃபோர்ட் ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளித் தலைமையாசிரியர், கறாரான புராட்டஸ்டண்ட், வரைவதும் தெரியும். சித்தப்பா ஃபிரிட்ஸ் தொழில்முறை ஓவியர். மரபான டச்சு நிலக்காட்சி வரைகிறவர், அவரிடம்தான் பையன் தூரிகை பிடிக்கக் கற்றது. முதலில் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார், அதற்கப்புறம் 1892-இல் ஆம்ஸ்டர்டாம் அகாடமி. அடுத்த 15 வருஷம் என்ன வரைந்தார்? காற்றாலை, பண்ணை வீடு, கெய்ன் என்ற சின்ன ஆற்றங்கரையில் மரங்கள். சாம்பலும் பழுப்புமாக, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் அப்படி வரைய நூறு பேர் இருந்தார்கள்.

1908-இல் ஸீலாந்து மாகாணத்தின் டோம்பர்க் கடற்கரைக்குப் போகிறார். அங்கே யான் தோரோப் என்ற மூத்த ஓவியர், ஜாவாவில் பிறந்தவர். அந்தச் சேர்க்கையில் வண்ணம் பற்றிக்கொண்டது. அதே வருஷம் வரைந்த வெயில் நேரக் காற்றாலையைப் பாருங்கள், மஞ்சளும் சிவப்புமாக எரிகிறது. ஹேக்கில் மூன்று மரங்களைப் பார்க்கலாம். 'சிவப்பு மரம்' 1908-இல் தொடங்கி 1910 வரை வரைந்தது, நீலப் பின்னணியில் நரம்பு நரம்பாகக் கிளைகள். 'சாம்பல் மரம்' 1911, கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன, கிளைக்கு நடுவே இருக்கும் காற்றுக்கும் கிளைக்குக் கொடுத்த அதே கனம். 1912-இல் 'பூத்த ஆப்பிள் மரம்', தலைப்பு சொல்லாவிட்டால் மரம் என்றே தெரியாது. இந்த மூன்றையும் பார்த்தவர், மாண்ட்ரியான் வெறுமனே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர் என்ற பேச்சை நம்ப மாட்டார்.

இடையில் நடந்தது: 1911-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நவீன ஓவியக் கண்காட்சி. அங்கே பிக்காசோவையும் பிராக்கையும் பார்த்தார். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதை முறித்துக்கொண்டு பாரிஸ் போய்விட்டார்.

ஆலமரத்தடி:
லைடன்வாசி முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். 1909-இல் மாண்ட்ரியான் பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினராகச் சேர்ந்தார். தலைமையகம் நம் அடையாறு. அப்போது தலைவர் அன்னி பெசன்ட். ஐரோப்பாவில் அந்த வருஷங்களில் சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவாட்ஸ்கியைப் படிக்காத ஓவியர் குறைவு. ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கியும் படித்தவர்தான். கண்ணுக்குத் தெரியும் உலகம் ஒரு மேல்தோல், அதற்கடியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஆணும் பெண்ணும் போல, செங்குத்தும் கிடையும் போல எதிரெதிரானவை சமநிலைக்கு வரும் என்று சபையின் புத்தகங்கள் பேசின. பிறகு அவர் வரைந்த குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் வேறென்ன? 1911-இன் 'பரிணாமம்' படத்தைப் பாருங்கள். மூன்று பலகை, மூன்று பெண் உருவம், ஆறுமுனை நட்சத்திரம். ஒளிந்திருக்கவே இல்லை. அவர் ஓவியத்தின் வேர் அடையாற்றில் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கித்தான்காரர்:
வேர் அடையாறு என்பது அதிகம். நெதர்லாந்தைவிட்டு அவர் கிழக்கே வந்ததே இல்லை. சபையில் சேர்ந்ததும், அதன் ஜெர்மன் கிளைத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஸ்டைனரின் உரைகளைப் பத்திரமாக வைத்திருந்ததும், 1921-இல் தன் கொள்கை நூலை ஸ்டைனருக்கு அனுப்பிப் பதிலே வராமல் போனதும் உண்மை. ஆனால் 'பரிணாமம்' அவருடைய படங்களிலேயே மோசமான ஒன்று. மூன்று நீலப் பெண்கள் விறைத்து நிற்கிறார்கள், கருத்துக்குப் படம் போட்ட மாதிரி. அதே கருத்து சாம்பல் மரத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அங்கே நட்சத்திரமும் இல்லை, தேவதையும் இல்லை, கிளையும் காற்றும்தான். குறியீட்டை விட்டதற்கப்புறம்தான் அவர் கை தேறியது.

ஆலமரத்தடி:
மோசமான படம் என்பது உங்கள் ரசனை. குறியீட்டை விட்டார், நம்பிக்கையை விடவில்லை. இரண்டும் வேறு. 1917-க்கப்புறம் எழுதிய கட்டுரைகளில் பிரபஞ்சம், சமநிலை, உள்முகம் என்ற பேச்சு எங்கே குறைந்தது?

லைடன்வாசி:
குறையவில்லை, ஆனால் கலந்துவிட்டது. முதல் உலகப் போர் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 கோடையில் நோயாளி அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தவர் போர் மூண்டு மாட்டிக்கொண்டார், 1919 வரை பாரிஸ் திரும்ப முடியவில்லை. லாரன் என்ற ஊரில் இருந்தார். 1915-இல் ஒரு படம், கடலும் அலைதாங்கிப் பாலமும், வெள்ளைமேல் கறுப்பில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகளாகவே வரைந்தது. ஓட்டர்லோவில் க்ரோலர்-மியூலர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டி நின்று பார்த்தால் தண்ணீர் மினுமினுக்கிறது. கணிதம் படித்த தத்துவக்காரர் ஸ்கூன்மாக்கர்ஸ் லாரனில்தான் இருந்தார், செங்குத்து-கிடை, மூன்று முதன்மை நிறம் என்ற பேச்சு அவரிடமும் உண்டு. தட்டையான நிறத் துண்டுகளை பார்ட் வான் டெர் லெக் என்ற ஓவியரிடம் பார்த்தார். 1917 அக்டோபரில் தியோ வான் டூஸ்பர்க் என்ற ஓவியர் 'டி ஸ்டைல்' பத்திரிகையைத் தொடங்கினார், முதல் இதழிலிருந்தே மாண்ட்ரியான் கட்டுரை வந்தது. ஒரே வேர் என்று யாராலும் கை காட்ட முடியாது.

வான் டூஸ்பர்கோடு பிற்பாடு விலகல். சாய்கோடு போடலாம் என்றார் வான் டூஸ்பர்க், கூடாது என்றார் இவர். 1925 வாக்கில் பத்திரிகையைவிட்டே விலகினார். சாய்கோடு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை, அந்த இரண்டு பேரும் ஒரே ஊரில் பொறுமையாக இருக்கக்கூடிய ஜோடி இல்லை. வேடிக்கை என்னவென்றால் இவரே கித்தானை 45 பாகை திருப்பி வைரக்கட்டி வடிவில் மாட்டுவார், உள்ளே கோடுகள் மட்டும் நேராக நிற்கும்.

திண்ணைத்தூண்:
சாய்கோட்டுக்காக நட்பை முறித்தவர் என்றால் ஆள் படு இறுக்கமானவராக இருந்திருக்க வேண்டும். துறவி மாதிரியா?

ஸ்விங் சுந்தரி:
வந்துவிட்டேன்! இந்தத் துறவிக் கதையைத்தான் என்னால் தாங்க முடியாது. மாண்ட்ரியான் ஆட்டப் பைத்தியம். பாடம் எடுத்துக்கொண்டு ஆடக் கற்றவர், அறுபது தாண்டியும் ஆடினவர். அமெரிக்க ஆட்டக்காரி ஜோசஃபின் பேக்கர் பாரிஸைக் கலக்கிய காலத்தில் சார்ல்ஸ்டன் ஆட்டத்துக்கு ஹாலந்தில் தடை என்று பேச்சு வந்தபோது, அப்படி நடந்தால் நான் ஊருக்கே திரும்ப மாட்டேன் என்று பேட்டியில் சொன்னார். பாரிஸில் ரூ து தேபார் தெரு 26-ஆம் எண்ணில் அவர் கூடம். சுவர் முழுக்க வண்ண அட்டைகள், தோன்றினால் இடம் மாற்றுவார். மூலையில் கிராமபோன். ஒரே ஒரு பூ, அதுவும் செயற்கை டுலிப், பச்சை பிடிக்காது என்று இலைக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தார். 1926-இல் ஆந்த்ரே கெர்டெஸ் எடுத்த போட்டோவில் அந்தப் பூவைப் பார்க்கலாம்.

1930-இல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் அங்கே போனார். இந்தச் சுவர்க் கட்டங்கள் அசைந்தால் நன்றாயிருக்குமே என்றாராம். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே வேகமானதுதான் என்று இவர் பதில். கால்டர் அங்கிருந்து போய்த்தான் உருவமில்லாத அரூபக் கலைக்கு மாறினார், அப்புறம் அந்தரத்தில் அசையும் சிற்பங்களெல்லாம் செய்தார்.

நாஜிகள் 1937-இல் 'சீரழிந்த கலை' என்று கேலிக் கண்காட்சி வைத்தபோது இவர் படங்களும் அதில் இருந்தன. 1938 செப்டம்பரில் லண்டனுக்குப் போனார். 1940-இல் வீட்டருகே குண்டு விழுந்தது, கப்பலேறி அக்டோபரில் நியூயார்க். வயது 68. அழைத்துக்கொண்டு போன இளம் ஓவியர் ஹாரி ஹோல்ட்ஸ்மன் அவருக்குப் பூகி-வூகி இசைத்தட்டு போட்டுக் காட்டினார், கிழவர் துள்ளிவிட்டார். பூகி-வூகி பியானோ இசை, அதில் இடது கை ஒரே அடியைத் திரும்பத் திரும்ப உருட்டும், வலது கை அதன்மேல் வெட்டி வெட்டிப் போகும். மெட்டு என்று தனியாகப் பிரித்து முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சாது. இவருக்கு அதுதான் பிடித்தது. இசையில் மெட்டை உடைப்பதும் ஓவியத்தில் இயற்கையின் தோற்றத்தை உடைப்பதும் ஒன்று என்று சொன்னார்.

'பிராட்வே பூகி வூகி' 1942-43. இருபது வருஷம் பிடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்! கோடெல்லாம் மஞ்சள், அதன்மேல் சிவப்பு, நீலம், சாம்பல் துணுக்குகள், கண் ஓர் இடத்தில் நிற்காது. எழுபது வயதில் தன் கொள்கையையே கலைத்துப் போட்டவர் உங்களுக்கு இறுக்கமானவரா?

கணக்குப்பிள்ளை:
அந்தப் படம் 800 டாலருக்குப் போயிற்று. சிற்பி மரியா மார்ட்டின்ஸ் வாங்கி நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் பெயர் போடாமல் கொடுத்தார்.

ஆலமரத்தடி:
சுந்தரி அக்கா சொன்னதே எனக்குச் சாதகம். மெட்டு போக வேண்டும், தோற்றம் போக வேண்டும், மிச்சம் தாளம். இது ஞானப் பேச்சா இல்லையா?

ஸ்விங் சுந்தரி:
தம்பி, ஆட்டக்காரன் பேச்சு அது. உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் அடையாற்றுக்கே பஸ் ஏற்றிவிடுவீர்கள். இன்னொரு விஷயம், 1943-இல் கலைக்கூடம் நடத்திய பெக்கி குகன்ஹைம் தன் கண்காட்சிக்காக வைத்த படத் தேர்வில் பேர் தெரியாத ஜாக்சன் பொல்லாக்கின் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்று, அமெரிக்காவில் நான் பார்த்ததில் இதுதான் சுவாரஸ்யம் என்றவரும் இவரே. கோடே நேராக நிற்காத படம் அது. அதற்கப்புறம்தான் பெக்கி பொல்லாக்கைத் திரும்பிப் பார்த்தார்.

திண்ணைத்தூண்:
சரி, ஆள் சுவாரஸ்யமானவர். ஆனால் என் சந்தேகம் ஆளைப் பற்றியது அல்ல. 51 மில்லியனுக்குப் போனது மாதிரி ஒரு 1930 கட்டத்தை நானே கம்ப்யூட்டரில் பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம். அதற்கும் அவருடையதற்கும் என்ன வித்தியாசம்?

கித்தான்காரர்:
போட்டுப் பாருங்கள், அதுதான் சிறந்த பாடம். நான் மாணவர்களிடம் செய்யச் சொல்வேன், பெரும்பாலும் குளியலறை ஓடு மாதிரி வந்து நிற்கும்.

வித்தியாசம் அச்சுப் படத்தில் தெரியாது, நேரில் நின்றால் தெரியும். முதலாவது, வெள்ளை ஒரே வெள்ளை இல்லை. ஒன்று கொஞ்சம் நீலம், ஒன்று கொஞ்சம் சாம்பல், ஒவ்வொரு கட்டத்துக்கும் தூரிகை ஓடிய திசை வேறு, பூச்சின் கனம் வேறு. பல படங்களில் வெள்ளைதான் கடைசியாக, பல தடவை பூசியது. கறுப்புக் கோட்டின் ஓரத்தில் வெள்ளை மேடிட்டு நிற்கும், அதனால் கோடு பள்ளத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது, கோடுகள் ஒரே தடிமன் இல்லை. சூரிக் நகரில் இருக்கும் 1930-ஆம் வருஷப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது மேல்மூலையில் பெரிய சிவப்பு, இடது கீழ்மூலையில் நீலம், வலது ஓரத்தில் துளி மஞ்சள். இடப்பக்கம் ஒரு குட்டையான கிடைக்கோடு மட்டும் மற்றவற்றைவிடத் தடி. அதை மெலிதாக்கிப் பாருங்கள், சிவப்பு மொத்தப் படத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். 1921 வாக்கில் வரைந்தவற்றில் சில கோடுகள் விளிம்பு வரை போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். எங்கே நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் எதுவும் அவரிடம் இல்லை. தங்க விகிதம் போட்டார், கணக்குப் போட்டார் என்பதெல்லாம் மற்றவர்கள் கட்டிவிட்டது. கண்ணால் பார்த்து, நகர்த்தி, சுரண்டி, மறுபடி பூசி, மாதக்கணக்கில் ஒரே படத்தோடு உட்கார்ந்திருப்பார். லண்டனிலும் பாரிஸிலும் தொடங்கிய படங்களை நியூயார்க்கில் பிரித்து, கறுப்புக்கோடே சுற்றாத சின்ன வண்ணத் துண்டுகளைச் சேர்த்தார். அதனால்தான் சிலவற்றில் இரண்டு வருஷம் போட்டிருக்கும், 'டிரஃபால்கர் சதுக்கம்' 1939-43 என்பதுபோல.

சட்டத்தையும் கவனியுங்கள். மற்றவர்கள் கித்தானைச் சட்டத்துக்குள் பள்ளமாகப் பொருத்துவார்கள். இவர் கித்தானைச் சட்டத்துக்கு முன்னால் நீட்டி வைத்தார். ஜன்னல் வழியாக எதையோ பார்க்கிற நினைப்பு வரக்கூடாது, சுவரில் இருக்கும் ஒரு பொருளாகவே தெரிய வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
பிறகு அந்தக் கட்டத்தைத்தான் 1965-இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் கவுனாகத் தைத்து விற்றார், இப்போது ஷூ, டம்ளர், பேங்க் காலண்டர் வரை வந்துவிட்டது. ஓவியருக்குக் காலணா கிடையாது, அதற்கு இருபது வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

திண்ணைத்தூண்:
வெள்ளைக்குள் இத்தனை விஷயம் இருப்பது எனக்குப் புதிது, நேரில் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஆனால் தலைகீழ் விஷயத்தில் இன்னும் சமாதானமாகவில்லை. 77 வருஷம் 77 வருஷம்தான். அப்புறம் அந்த 80 மில்லியன் கில்டர் படம், அதில் நிஜமாகவே என்ன இருக்கிறது?

லைடன்வாசி:
'விக்டரி பூகி வூகி' ஹேக்கில்தான் இருக்கிறது. வைரக்கட்டி வடிவம், 1942-இல் தொடங்கியது. போர் ஜெயிக்கும் என்ற எதிர்பார்ப்பில் வைத்த பெயர். 1944 ஜனவரியில் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்த நேரத்தில் மறுபடி அதன்மேல் காகிதத் துண்டும் நாடாவுமாக ஒட்டித் தள்ளினார். நிமோனியா வந்து பிப்ரவரி 1 அன்று இறந்தார், புரூக்ளினில் சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறையில் அடக்கம். 2006-இல் தொடங்கி ஆராய்ச்சியாளர்கள் ஊடுகதிர் எல்லாம் வைத்துப் பார்த்ததில், ஒரே இடத்தில் வண்ணம், நாடா, மறுபடி வண்ணம் என்று அடுக்கடுக்காக மாற்றியிருப்பது தெரிந்தது. கிட்டே போனால் காகித ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவர் எப்படி முடிவெடுத்தார் என்பது அப்படியே வெளியில் கிடக்கும் படம் இது ஒன்றுதான். என்னைக் கேட்டால் கொடுத்த விலை தகும்.

ஸ்விங் சுந்தரி:
தகாது! நான் 'பிராட்வே' கட்சி. 'விக்டரி'யில் ஒரே நெரிசல், எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் வாசிக்கிற மாதிரி. 'பிராட்வே'யில் துணுக்குக்குத் துணுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது, அதனால்தான் அது ஓடுகிறது. 'விக்டரி'யை இன்னும் ஆறு மாதம் வைத்திருந்தால் பாதியைப் பிய்த்து எறிந்திருப்பார்.

லைடன்வாசி:
இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் மேலும் ஒட்டியிருப்பார் அக்கா. 1932-இல் கோட்டை இரட்டையாக்கினதிலிருந்து பாருங்கள், அதற்கப்புறம் வருஷா வருஷம் கோட்டின் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது.